பச்சை ஒயில்

2019 ஆவணியில், யாழ்ப்பாணத்தில் ஒரு முகூர்த்த நாள். முதல்நாள் இரவே காரைக் கழுவித் துடைத்து, பூக் கட்டுவதற்கு ஆயத்தமாக முற்றத்தில் விட்டிருந்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் முன் இடது சில்லு மட்காட்டுக்குள் பாதி புதைந்து போயிருந்தது. ரயரில் காற்று இருந்தது. குனிந்து கீழே பார்த்தேன், நிலத்தில் ஒரு சொட்டு ஒயில் இல்லை. எஞ்சினை ஸ்ரார்ட் செய்து இரண்டு நிமிடம் விட்டதும் கார் மெல்ல எழும்பி நேராக நின்றது.

அன்றைய ஓட்டத்தை எப்படியோ முடித்தேன். பொம்பிளை மாப்பிளை மண்டபத்துக்குள் போய்த் திரும்பி வரும்வரை எஞ்சினை நிற்பாட்டவே இல்லை. நிற்பாட்டினால் வாசலில் வைத்தே கார் சரிந்துவிடும் என்ற பயம். கலியாண ஓட்டத்துக்குப் போகிற காருக்கு வேகம் தேவையில்லை. நேராக நிற்க வேண்டும், குலுக்காமல் போக வேண்டும். அந்த இரண்டும் இல்லாவிட்டால் பூவும் மினுக்கமும் இருந்து பயனில்லை.

நிலத்தில் ஒயில் இல்லை என்று கண்டேனே, பழுது எங்கே இருக்கிறது என்பதற்கான விடை அதற்குள்ளேயே இருந்தது. அதை வாசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தால் நாலு வருடமும் நிறையக் காசும் மிஞ்சியிருக்கும். இதே வகைக் காரோடு மினக்கெடுகிற வேறு யாருக்காவது உதவட்டும் என்றுதான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

கார் 2001 ஆம் ஆண்டு பென்ஸ் எஸ்500. டபிள்யூ220 என்று சொல்லும் உடம்பு. 2018 இல் கொழும்பில் மூன்றாவது கையாக வாங்கினேன். அந்த உடம்பில் வந்த பெரும்பாலான கார்களுக்குக் காற்றுப்பை சஸ்பென்சன்தான், அதாவது சில்லுகளின் மேல் காரைத் தாங்குவது காற்றுப்பை. என்னுடையதில் இருப்பது ஏபிசி, ஒயில் அழுத்தத்தில் வேலை செய்வது. 1999 இல் சிஎல் கூப்பேயில் முதலில் வந்து, பிறகு எஸ் வகைக்கும் வந்தது. எது உங்களிடம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் பொனட்டைத் திறந்து பாருங்கள். ஸ்ரியரிங் ஒயில் தொட்டியைத் தவிர இன்னொரு தொட்டி தனியாக இருந்து, அதிலிருந்து தடித்த குழாய்கள் போனால் அது ஏபிசி. வாங்க முன்னரே இதைப் பார்க்க வேண்டும். நான் வாங்கிய பிறகுதான் பார்த்தேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு சில்லிலும் வழமையான சுருள் ஸ்பிரிங்கும் சொக் அப்சோபரும் இருக்கின்றன. அந்த ஸ்பிரிங்கின் தலைமாட்டில் ஒரு ஒயில் சிலிண்டர் உட்கார்ந்திருக்கிறது. இவை சேர்ந்ததைத்தான் ஸ்ரட் என்பார்கள். பம்ப் கிட்டத்தட்ட 200 பார் அழுத்தத்தில் ஒயிலைத் தள்ளுகிறது. ரயரில் நாங்கள் அடிக்கும் காற்று இரண்டரைப் பார் மட்டில் என்று நினைத்துப் பார்த்தால் 200 என்பது என்ன என்று விளங்கும். வளைவில் கார் ஒரு பக்கம் சாயப் பார்த்தால், அந்தப் பக்கச் சிலிண்டருக்குள் ஒயில் ஏறி ஸ்பிரிங்கை அழுத்தித் தாங்குகிறது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் குனியாமல் பிடிக்கிறது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்றாக இரண்டு வால்வுத் தொகுதிகள் இந்த ஒயிலைப் பிரித்துக் கொடுக்கின்றன. நைதரசன் வாயு அடைத்த உருண்டைகள் சில, அழுத்தம் அடித்து அடித்து வராமல் சீராக்குகின்றன.

இந்த வேலையை ஒயிலே செய்வதால், சாதாரணக் கார்களில் இடது வலது சில்லுகளை இணைக்கும் ஸ்ரெபிலைசர் பார் என்ற இரும்புத் தண்டு இந்தக் காரில் கிடையவே கிடையாது. அடியில் படுத்துத் தேடினாலும் காணமாட்டீர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் காட்டியபோது சொன்ன கணக்கு, நாலு ஸ்ரட்டும் பம்பும் வால்வுத் தொகுதியும் புதிதாகப் போட்டால் காரின் விலையில் பாதிக்கு மேல். எது பழுது என்று யாரும் சொல்லவில்லை, எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார்கள். எனக்கு விற்றவரிடம் கேட்டபோது முன்னர் ஒயில் குறைந்தபோது ‘ஒயில் விட்டதாக’ மட்டும் சொன்னார். தொட்டியின் மூடியைத் திறந்து அளவுகோலைத் துடைத்துப் பார்த்தேன். அழுக்குச் சிவப்பு. இதற்குரிய ஒயில் பென்டோசின் சிஎச்எஃப் 11எஸ், பச்சை நிறம். யாரோ கியர் பெட்டிக்கு விடும் சிவப்பு ஒயிலை விட்டிருக்கிறார்கள். இரண்டையும் கலக்கக் கூடாது என்று ஒயில் செய்கிறவர்களே எழுதியிருக்கிறார்கள். அதை நான் அன்றே முழுதாகக் கழுவி மாற்றியிருக்க வேண்டும். செய்யவில்லை. பச்சையை வாங்கி மேலே விட்டுவிட்டு ஓடினேன்.

2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிற்பாட்டப்பட்டது. கொரோனா வந்தது, கலியாணங்கள் வீட்டு முற்றத்தில் பத்துப் பேரோடு நடந்தன. காருக்கு வேலை குறைந்தது, ஆனால் இருக்கிற காருக்கு விலை ஏறியது. விற்கவும் மனம் வரவில்லை. அப்போதுதான் கனடாவில் இருக்கும் மச்சான் ஒரு யோசனை சொன்னார். அமெரிக்காவில் இந்த ஒயில் ஸ்ரட்டுகளைக் கழற்றிவிட்டு வெறும் ஸ்பிரிங்கும் சொக் அப்சோபரும் போடுவதற்கு ஆயத்தத் தொகுதி விற்கிறார்கள், நாலு புது ஒயில் ஸ்ரட்டின் விலையில் சிறு பங்குதான், போட்டால் பிறகு பிரச்சினையே இல்லை.

எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் ஊர்க் கார்கள் எல்லாம் அப்படித்தானே உயிரோடு இருந்தன. சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாதபோது ஒஸ்ரின் கேம்பிரிஜ்ஜையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. ஸ்ரார்ட் எடுக்க மட்டும் கொஞ்சம் பெற்றோல் விட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இல்லாத பாகத்தை லேத்தில் கடைந்தார்கள். சிக்கலானதை எளிதாக்கி ஓட்டுவது எங்களுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் எனக்கு இப்பவும் பெருமை உண்டு. ஆனால் அந்தக் கார்களில் என்ன கழற்றுகிறோம், அது என்ன வேலை செய்தது என்று அந்த மெக்கானிக்குகளுக்கு விரல் நுனியில் தெரிந்திருந்தது.

தொகுதி கப்பல் பெட்டியில் வந்தது. மச்சான் முதலில் சூட்கேசில் கொண்டுவரப் பார்த்தார், விமான நிலையத்தில் விடவில்லை. வாயு அடைத்த சொக் அப்சோபர், நைதரசன் உருண்டை எல்லாம் அழுத்தப் பொருட்கள், பயணப் பெட்டியில் வைக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் மூலம் எடுப்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவர்களுக்கு விமான நிலையத்தில் அலைச்சல் இருக்காது. வால்வு, ஹோஸ், சென்சர் போன்றவற்றை ஒயில் சொட்டும் இல்லாமல் கழுவிக் கட்டினால் சூட்கேசில் வந்துவிடும்.

2021 ஆடி மாதம் மாற்றினோம். ஆடியில் இங்கே கலியாணம் இல்லை, கார் வேலைக்கு அதுதான் எங்களுக்குக் காலம். ஒரு கராச்சில் இரண்டு நாளில் வேலை முடிந்தது. நாலு பக்கமும் ஒரே உயரத்தில் நின்றது. விடிய எழும்பிப் பார்த்தேன், அப்படியே நின்றது. மனதுக்கு அவ்வளவு நிம்மதி.

மூன்றாம் நாள் கோண்டாவில் சந்தியில் திருப்பும்போது எஞ்சின் பக்கம் ஒரு உறுமல். கராச்சில், இனி ஏபிசி இல்லைத்தானே என்று ஒயிலை முழுதாக வடித்து, குழாய் வாய்களை அடைத்து விட்டிருந்தார்கள். அந்தக் காரில் ஏபிசி பம்பும் ஸ்ரியரிங் பம்பும் ஒரே உடம்பில் ஒரே தண்டில் ஓடுபவை. பெல்ட் சுற்றும்வரை இரண்டும் சுற்றும். ஒயில் இல்லாமல் சுற்றிய பாதி தன்னைத்தானே தின்னத் தொடங்கியிருந்தது. அது இறுகியிருந்தால் பெல்ட்டும் போய் ஸ்ரியரிங்கும் ஓட்டத்திலேயே கனத்திருக்கும். உள்ளே பொம்பிளை மாப்பிளை இருக்கும்போது அப்படி நடந்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு திக்கென்கிறது.

ஸ்பிரிங்குக்கு மாற்ற நினைக்கிறவர்கள் பம்பின் கதையை முதலில் முடிவு செய்யுங்கள். ஒன்று, அழுத்தக் குழாயை நேரே திரும்பும் குழாயோடு இணைத்து, இடையில் குளிர்விப்பானையும் வைத்து, சரியான ஒயில் எப்போதும் சுற்றும்படி விட வேண்டும். அல்லது ஏபிசி இல்லாத அதே எஞ்சின் காரின் தனி ஸ்ரியரிங் பம்பைத் தேடிப் போட வேண்டும். நான் முதலாவதைச் செய்தேன். உறுமல் குறைந்தது, நிற்கவில்லை.

அப்புறம் வல்லை வெளி. பருத்தித்துறைப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போகும்போது, இரண்டு பக்கமும் மறைப்பில்லாத அந்த வெளியில் குறுக்காற்று அடித்தது. முன்னர் அந்த இடத்தில் கார் ஒரு கல்லுப் போலப் போகும். இப்போது தோணி போல ஆடியது. ஒரு மோட்டார் சைக்கிளுக்கு விலத்தி எடுத்தபோது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, திரும்ப எழும்பி, மற்றப் பக்கமும் சாய்ந்தது. பொம்பிளையின் தாய்க்குத் தலைசுற்றி, புலோலியில் நிற்பாட்டித் தண்ணீர் கொடுத்தோம். சாய்வைப் பிடிக்க வேண்டிய ஒயிலைக் கழற்றிவிட்டோம். அதற்குப் பதிலாகப் பிடிக்க ஸ்ரெபிலைசர் பாரும் இல்லை. கழற்றிய கராச்சுக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னும் கடினமான ஸ்பிரிங் போட்டால் சாய்வு குறையும், ஆனால் கடினமான ஸ்பிரிங்கோடு இந்தக் காரை ஏன் ஓட்ட வேண்டும்? குலுங்காமல் போகிற காரென்றுதானே சனம் அழைக்கிறது.

மூன்றாவதும் ஒன்று இருந்தது. காரின் கணினிக்கு ஸ்பிரிங் மாற்றிய செய்தி தெரியாது. அழுத்தம் இல்லை, உயரம் சரியில்லை என்று மீற்றர் பலகையில் சிவப்பு எழுத்தில் எச்சரித்துக்கொண்டே இருக்கும். முன் சீற்றில் இருந்த மாப்பிளையின் தகப்பன், “தம்பி, சிவப்பா ஏதோ எழுதுது, வடிவாப் பாருங்கோ” என்று சொல்லும்போது என்ன பதில் சொல்வது? ஆபத்தில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பவும் தேவையில்லை. எச்சரிக்கை எப்போதும் எரிந்துகொண்டிருந்தால் உண்மையான எச்சரிக்கை வரும் நாளில் அதை நாங்களே கவனிக்கமாட்டோம். மாற்றுத் தொகுதி வாங்கும்போது அந்த எச்சரிக்கையை முறையாக நீக்கும் வழியும் கூட வருகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

2022 வந்தது. 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ஐத் தொட்டது. பெற்றோலுக்குக் கிலோமீற்றர் கணக்கில் வரிசை. கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். ஐந்து லீற்றர் எஞ்சினுக்கு அது எந்த மூலைக்கு? காரைக் கொட்டிலுக்குள் தள்ளி, சீலையால் மூடிவிட்டேன். கழற்றிய ஒயில் ஸ்ரட்டுகள் நாலையும் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருந்தேன். கழற்றிய எதையும் எறியாமல் வைத்திருந்தது அந்த மூன்று வருடத்தில் நான் செய்த நல்ல காரியம்.

அந்த நாட்களில் மாமாவின் உழவு இயந்திர ரிப்பருக்கு ஹோஸ் வெடித்து, கோப்பாய்ப் பக்கம் மண் தோண்டும் பெக்கோ இயந்திரங்களுக்கு ஹைட்ரோலிக் வேலை செய்யும் ஒரு அண்ணையிடம் போனேன். ஹோஸ் அடித்துத் தரும்வரை கதை கொடுத்தேன், என் காரின் கதையும் வந்தது.

“எத்தினை பார் ஓடுது தம்பி?” என்று கேட்டார்.

“இருநூறு.”

“எங்கட பெக்கோவில அதைவிடக் கூட ஓடும். உதுக்கு ஏன் பயப்பிட்டனீங்கள்?” பிறகு கேட்ட கேள்விதான் முக்கியம். “விடிய ஒரு பக்கம் இறங்கி நிண்டது எண்டியள். கீழ ஒயில் கிடந்ததோ?”

இல்லை என்றேன்.

“அப்ப ஸ்ரட் நல்லம். ஸ்ரட்டும் குழாயும் ஒழுகினால் நிலத்தில கிடக்கும். நிலத்தில இல்லையெண்டால் ஒயில் தொட்டிக்குத் திரும்பிப் போயிருக்கு. பூட்ட வேண்டிய வால்வு பூட்டேல்லை. ஊத்தை பிடிச்சிருக்கும், இல்லையெண்டால் றிங் போயிருக்கும். நீங்கள் நல்லதைக் கழட்டிப்போட்டு, பழுதானதை வண்டியிலயே விட்டிருக்கிறியள்.”

பெக்கோவின் கை இரவில் தானாக இறங்கினால் அவர்கள் பார்ப்பதும் இதைத்தான். அதே கேள்வியை என் முற்றத்தில் 2019 இலேயே கேட்டிருக்கலாம்.

2023 ஆடியில் திரும்ப ஒயிலுக்கு மாறினோம். முன் வால்வுத் தொகுதியைக் கழற்றி அண்ணையின் பட்டறைக்குக் கொண்டு போனோம். அவருடைய ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. முதலில் வெளிப்புறத்தைக் கழுவி, காற்றடித்துக் காய வைத்தார். மேசையில் வெள்ளைத் துணி விரித்தார். பஞ்சு, நூல் உதிரும் துணி எதையும் கிட்டக் கொண்டுவர விடவில்லை. ஒவ்வொரு வால்வும் வெளியே வர முன்னர் படம் எடுக்கச் சொன்னார், எது எந்தத் துளையில் இருந்தது என்று சிறு கடதாசியில் எழுதி வைத்தார். வெள்ளைக் கோப்பையில் வால்வுகளைக் கழுவியபோது அடியில் கறுப்புப் பொடி படிந்தது. நகத்தால் நசித்துப் பார்த்தார், றப்பர்.

அந்த றப்பர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் வால்வைக் கழுவிப் போட்டால் ஆறு மாதத்தில் அதே பழுது திரும்ப வரும். அது பம்போடு ஒட்டியிருந்த வாயு உருண்டையிலிருந்து வந்திருந்தது. உருண்டைக்குள் நைதரசனையும் ஒயிலையும் பிரிக்கும் றப்பர்ச் சவ்வு ஒன்று இருக்கும். கிழிந்தால் அதன் துண்டுகள் ஒயிலோடு ஓடி வால்வின் வாயில் சிக்கும். அழுத்தம் எடுத்துக் கழற்றிய உருண்டையின் வாய்க்குள் மழுங்கிய குச்சி ஒன்றை மெல்ல விட்டால் சவ்வு உடனே தட்டுப்பட வேண்டும். என்னுடையதில் குச்சி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இந்த உருண்டைகளுக்குத் திரும்ப வாயு அடைக்க வழி வைத்துச் செய்யவில்லை, புதிது போடத்தான் வேண்டும். லண்டனில் இருக்கும் சித்தப்பா கப்பல் பெட்டியில் அனுப்பினார். உருண்டைகளின் விலை ஒரு புது ஸ்ரட்டின் விலைக்குக் கிட்டவும் வராது.

ஒயில் கசியாமல் அடைக்கும் றப்பர் வளையங்களான ஓ றிங்குகளை வேர்னியரில் அளந்து, ஹைட்ரோலிக் கடையிலேயே அதே அளவில் நைத்திரைல் றிங் எடுத்தோம். பம்ப், கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழையது ஒன்று கிடைத்தது. அங்கே வாங்கும்போது கையால் சுற்றிப் பாருங்கள், கரகரப்பு இருக்கக் கூடாது. உள்ளே மிஞ்சியிருக்கும் ஒயிலை வெள்ளைக் கடதாசியில் ஊற்றிப் பாருங்கள். பச்சையாக இருந்தால் அந்தக் காரை ஒழுங்காக வைத்திருந்த ஒருவர் இருந்திருக்கிறார் என்று அர்த்தம். நான் மூன்று பம்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாலாவதை எடுத்தேன்.

அடியில் ஓடும் இரும்புக் குழாய் இரண்டு இடத்தில் துருப்பிடித்திருந்தது. எங்கள் உப்புக்காற்றுக்கு அது வரும். கசூரினா கடற்கரையில் படமெடுக்க வேண்டும் என்று எத்தனை சோடிகளைப் பொன்னாலைப் பாலத்தால் கொண்டு போயிருக்கிறேன்! காற்றடிக்கும் நாளில் அந்தப் பாலத்தில் கடல்நீர் தூவும். வீட்டுக்கு வந்து மேலே மட்டும் கழுவினால் காணாது, அடிப்பக்கத்துக்கும் தண்ணீர் அடிக்க வேண்டும். துருப்பிடித்த நீளத்தை வெட்டி, இரட்டைக் கம்பிப் பின்னல் உள்ள, 300 பாருக்கு மேல் தாங்கும் பெக்கோ ஹோஸ் அடித்துப் போட்டோம். ஒரு ஹோஸை மட்டும் ஊரில் அடிக்க அண்ணை சம்மதிக்கவில்லை. பம்பிலிருந்து முதலில் புறப்படும் ஹோஸ், பம்பின் துடிப்பை வாங்கிக்கொள்வதற்காகக் கொஞ்சம் விரிந்து கொடுக்கும்படி செய்யப்பட்டது. அந்த இடத்தில் விறைப்பான ஹோஸைப் போட்டால் துடிப்பு முழுக்க வால்வுக்குப் போகும் என்றார். அதை அசலாகவே எடுத்தோம்.

பிறகு கழுவுதல். தொட்டியோடு இருக்கும் சிறிய ஃபில்ரரை மாற்றினோம். அந்தக் காலத்தில் வந்தது 10 மைக்ரோன், பிறகு வந்தது 3 மைக்ரோன், எண் குறையக் குறைய நுண்ணிய ஊத்தையையும் பிடிக்கும். நான் 3 மைக்ரோனைப் போட்டேன். கொழும்பிலிருந்து, காரின் கணினியோடு பேசும் ஸ்கானரோடு வந்த ஒரு தம்பி, ரோடியோ என்று சொல்லும் கழுவும் கட்டளையைக் கொடுத்தான். கார் தானே ஒவ்வொரு மூலையாகத் தூக்கி இறக்கி ஒயிலை எல்லா இடுக்காலும் தள்ளி ஃபில்ரருக்குக் கொண்டு வரும். பழைய ஒயிலை எடுத்துப் புதியதை விட்டு, திரும்பக் கழுவி, ஃபில்ரரையும் திரும்ப மாற்றினோம். மொத்தம் 12 லீற்றர் பச்சை ஒயில் போனது. விலை கூடத்தான். ஆனால் கடைசியாக வடித்தது உள்ளே விட்ட நிறத்திலேயே வெளியே வந்தது. கடைசியில் நாலு மூலையின் உயரத்தையும் ஸ்கானரில் புதிதாகப் பதிய வேண்டும். ஸ்ரட்டைக் கழற்றிப் பூட்டிய காருக்கு அதைச் செய்யாவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் கார் கோணலாக நிற்கும்.

அளவு பார்ப்பதிலும் ஒரு பிழை விடுகிறார்கள். இந்த ஒயிலின் மட்டத்தை எஞ்சின் ஓடும்போது, கார் வழமையான உயரத்தில் நிற்கும்போதுதான் பார்க்க வேண்டும். தாழ்ந்து நிற்கும்போது சிலிண்டரில் இருந்த ஒயிலும் தொட்டிக்குள் வந்திருக்கும், கூடவாகக் காட்டும்.

பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படவும் வேண்டும். அண்ணை என்னிடம் கடுமையாகப் பேசியது ஒரே ஒரு தடவை. ஹோஸின் மூட்டில் ஈரம் தெரிந்து நான் விரலால் தடவப் போனேன். கையைத் தட்டிவிட்டார். ஊசிமுனை அளவு ஓட்டையால் 200 பாரில் வரும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை கெட்டுப் போகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஒழுக்குத் தேடுவதென்றால் ஒரு துண்டு அட்டையைப் பிடித்துப் பாருங்கள். தோலில் பட்டுவிட்டதென்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காமல் அந்த நிமிடமே ஆசுப்பத்திரிக்குப் போங்கள், ஹைட்ரோலிக் ஒயில் அழுத்தத்தில் உள்ளே போனது என்று அந்தச் சொற்களிலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள். எஞ்சினை நிற்பாட்டினாலும் உருண்டைகளுக்குள் அழுத்தம் இருக்கும், அதை இறக்காமல் எந்த மூட்டையும் தளர்த்தக் கூடாது. கார் எந்த நேரமும் சட்டென்று கீழே இறங்கலாம். ஜக்கை மட்டும் நம்பி அடியில் தலையைக் கொடுக்காதீர்கள், நாலு தாங்கி வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

ஸ்பிரிங்குக்கு மாற்றவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நாலு ஸ்ரட்டும் ஒழுகி, பம்பும் போய், வால்வும் போன கார் என்றால், அல்லது நாளாந்தம் கிட்டடிக்கு மட்டும் மெதுவாக ஓடுகிறவர் என்றால், பம்பையும் எச்சரிக்கையையும் சரியாகக் கவனித்துவிட்டு மாற்றலாம். சாய்வு கூடும் என்று தெரிந்து, அதற்கேற்ப ஓட்ட வேண்டும். காரின் அமைப்பை மாற்றியதைக் காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். விற்கும்போது வாங்குகிறவருக்கும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆனால் ஒரு மூலை மட்டும் இரவில் இறங்குகிறது, நிலம் காய்ந்திருக்கிறது என்றால் ஸ்ரட்டில் கை வைக்காதீர்கள்.

இங்கே இன்னும் சில வீடுகளில் டபிள்யூ123, டபிள்யூ124 பென்ஸ் ஸ்ரேசன் வாகன்கள் நிற்கின்றன. அவற்றின் பின்பக்கத்திலும் ஒயில் இருக்கிறது, ஆனால் அது வேறு. அங்கே பாரத்தின் பெரும்பகுதியை ஸ்பிரிங்தான் தாங்குகிறது. ஆள் ஏறினால், சாமான் ஏற்றினால் பின்பக்கம் தாழாமல் ஒயில் தூக்கிக் கொடுக்கிறது. பின்பக்கம் பலகை மாதிரி விறைத்து, மேடு பள்ளத்தில் துள்ளத் தொடங்கினால் பெரும்பாலும் போனது இரண்டு வாயு உருண்டைகள்தான். அதற்கு முழுத் தொகுதியையும் கழற்றி, சலூன் காரின் சொக் அப்சோபரைப் போட்டுவிடுகிறார்கள். ஸ்பிரிங்கை மாற்றுவதில்லை. ஒயில் துணையை எண்ணிச் செய்த அந்த ஸ்பிரிங் தனியே பாரத்தைத் தாங்காமல், நாலு பேர் ஏறியதும் பின்பக்கம் குந்திவிடும். உருண்டை இரண்டையும் மாற்றுங்கள், ஒயிலை மாற்றுங்கள். அந்தக் கார்கள் இன்னொரு தலைமுறைக்கு ஓடும்.

என்னுடையது திரும்ப ஒயிலில் ஓடத் தொடங்கிய பிறகு முதல் ஓட்டம் ஆவணியில், மானிப்பாயிலிருந்து. வல்லை வெளியால் போக வேண்டிய ஓட்டம் அதற்கடுத்த கிழமை வந்தது. காற்று அன்றைக்கும் இருந்தது. பின் சீற்றில் பொம்பிளை நித்திரையாகிப் போயிருந்தாள், கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வொரு ஆடியிலும் ஃபில்ரரை மாற்றி, கொஞ்ச ஒயிலையும் மாற்றுகிறேன். முற்றத்தில் விடியும்போது நாலு மட்காட்டுக்கும் சில்லுக்கும் இடையில் நாலு விரல் வைத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

அந்த ஸ்பிரிங் தொகுதி இப்போது பரணில் இருக்கிறது. போன மாதம் வவுனியாவிலிருந்து ஒருவர் யாரோ சொல்லித் தொலைபேசி எடுத்தார், அதே கார், ஸ்பிரிங்கைத் தரமுடியுமா என்று கேட்டார். எந்த மூலை இறங்குகிறது என்று கேட்டேன். பின் வலது என்றார். நிலத்தில் ஒயில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. அளவுகோலைத் துடைத்துக் கடதாசியில் வைத்து ஒரு படம் அனுப்பச் சொன்னேன்.

படம் வந்தது. சிவப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை காரைக் கோப்பாய்க்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.